ஜீப் சீட்டில் கிழிந்தது உறை மட்டும்தானா?



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ விதையைப் பற்றியோ பேசப் போவதில்லை. அவற்றைச் சுமந்து வருகிற ஜீப்பைப் பற்றி, அதிலும் அதன் சீட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். ‘சீட்டைப் பற்றிப் பேச என்ன இருக்குது?’ என்று சிரிக்காதீங்க. இருக்குது.

ஜீப் முதலில் பட்டாளத்து வண்டி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல், அமெரிக்கப் படைக்காக வில்லீஸ் கம்பெனி செய்யத் தொடங்கியது. நம் நாட்டில் 1947-இல் மஹிந்திரா கம்பெனி அதைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. அந்த வழியில் வந்த வண்டிகள்தான் போடி, கம்பம் பக்கத்து மலைப்பாதைகளில் ஏலத் தோட்டத்துக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகின்றன. இன்ஜின் நன்றாக இருக்கும். சீட்டில் பஞ்சு பிதுங்கி நிற்கும். மேலே ஒரு சாக்கை விரித்து ஓட்டிக்கொண்டிருப்போம்.

நானும் இரண்டு மழைக்காலம் அப்படித்தான் ஓட்டினேன். ஒருநாள் மூட்டை ஏற்றிய வண்டி, இறக்கத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சீட்டு பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, மேட்டோரமாக ஒடித்து நிறுத்தினேன். கழற்றிப் பார்த்தால், போல்ட்டு பூட்டிய இடத்தில் சட்டம் துருப்பிடித்து அப்பளமாய் நொறுங்கிக் கிடந்தது. கிழிசல் வழியே இறங்கிய மழைத்தண்ணீர் செய்த வேலை அது.

ஆகவே உறை என்பது அழகுக்கு இல்லை. அது சீட்டுக்குக் கூரை. கூரை ஒழுகினால் சுவர் கரைகிற மாதிரி, உறை கிழிந்தால் உள்ளே இரும்பு கரையும். அதை மாற்றுவது நாமே செய்யக்கூடிய வேலைதான்.

கழற்றுமுன்

பழைய ஜீப்புகளில் பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். அதனால் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. போல்ட்டு இறுகியிருந்தால் முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். சட்டத்துக்கு வெல்டிங் தேவைப்பட்டால் சீட்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வண்டியில் வைத்தே பற்றவைக்கச் சொல்லாதீங்க. அது உயிரோடு விளையாடுகிற காரியம்.

பழைய உறையைக் குப்பையில் போடாதீங்க

அதுதான் உங்களுக்கு அளவுச் சட்டை. கிழிக்காமல், பிளேடால் தையலை மட்டும் அறுத்துத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ‘முன்’, ‘பின்’, ‘இடது’, ‘வலது’ என்று எழுதி வையுங்கள். புதுத் துணியின் பின்பக்கத்தில் துண்டை விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். பழைய ஓரத்தில் தையலுக்கான இடம் கிழிந்து போயிருந்தால் அரை அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள். அடியில் மடித்து இழுக்கிற பக்கத்துக்கு இரண்டு அங்குலம் கூடுதலாக விடுங்கள். மிஞ்சினால் வெட்டலாம், குறைந்தால் ஒட்ட முடியாது.

என்ன துணி?

பட்டாள ஜீப்புகளுக்குக் கான்வாஸ் உறைதான் போட்டார்கள். கான்வாஸ் வெயிலில் அவ்வளவாகச் சுடாது, வியர்வையில் ஒட்டாது. ஆனால் தண்ணீரைக் குடிக்கும். வெட்டுமுன் ஒரு தடவை நனைத்து உலர்த்திவிடுங்கள்; இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும். ரெக்ஸின் தண்ணீரைத் தள்ளும், துடைத்தால் சுத்தம். ஆனால் திறந்த வண்டியில் வெயிலில் கொதிக்கும், நாளானால் வெடிக்கும். மழை அதிகமுள்ள மலைப்பக்கம் ரெக்ஸினும், வறண்ட பக்கம் கான்வாஸும் போடுவது என் யோசனை.

தையல்

பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். நைலான் நூல் வாங்குங்கள். வீட்டுத் தையல் மெஷின் இரண்டு மடிப்புவரை தாங்கும். ஊசி பதினெட்டாம் நம்பர் போடுங்கள். மூலைகளில் மடிப்பு கூடுகிற இடத்தைக் கோணி ஊசியால் கையால் தைக்கலாம், அல்லது பை தைக்கிறவரிடம் கொடுக்கலாம். ரெக்ஸினில் தையலை நெருக்கமாகப் போடாதீங்க. தபால் தலையின் ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி, அந்தக் கோட்டிலேயே கிழியும்.

உறைக்குள் என்ன?

முக்கியமான வேலை இதுதான். சட்டம் முழுவதையும், குறிப்பாக போல்ட்டு பூட்டுகிற இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் இரும்பு செத்துப்போச்சு என்று அர்த்தம். பெயிண்டு பூசி மறைக்காமல் அந்த இடத்தை மாற்றுங்கள். நல்ல இரும்பாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசிக் காயவிடுங்கள். அடித்தகட்டில் தண்ணீர் வடிய ஓட்டை இருந்தால் அடைக்காதீங்க.

ஸ்பிரிங் இருந்தால் அதன்மேல் கெட்டியான சாக்கு ஒரு மடிப்பு வையுங்கள். இல்லாவிட்டால் கம்பி மெத்தையை அறுக்கும். மெத்தை ஈரமாக இருந்தால் நன்றாக உலர வையுங்கள். அழுத்தினால் எழும்பாத மெத்தையைத் தூக்கிப் போடுங்கள். ரெக்ஸின் போடுகிறவர்கள் மெத்தைமேல் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் உறை வழுக்கிக்கொண்டு ஏறும். தையல் வழியே கசிகிற தண்ணீரும் உள்ளே போகாது.

மாட்டுவது

ரெக்ஸினை அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள், இளகி வரும். முதலில் முன்பக்க நடுவைப் பிடியுங்கள். அடுத்தது பின்பக்க நடு, பிறகு இரண்டு பக்கவாட்டு நடுக்கள். மூலைகள் கடைசி. மூலையில் ஆரம்பித்தால் சுருக்கம் போகவே போகாது. அடியில் பலகையானால் சின்ன ஆணி, கம்பிச் சட்டமானால் கம்பி வளையம் அல்லது நைலான் கயிறு.

வண்டியில் பூட்டும்போது போல்ட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். பிறகு சீட்டில் உட்கார்ந்து, முதுகை அழுத்திப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். அசையக் கூடாது. ஒரு வாரம் ஓட்டிய பின் மறுபடியும் ஸ்பானர் போட்டு இறுக்குங்கள்.

மொத்தத்தில் இரண்டு நாள் வேலை. மழை தொடங்குமுன் செய்துவிடுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் ஜீப்பின் சீட்டில் விரித்திருக்கிற சாக்கைத் தூக்கிப் பாருங்கள். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த இறக்கத்தில் இறங்காதீங்க.