உஷார்! திங்கட்கிழமை வயிற்றுவலியை அலட்சியம் செய்யாதீர்கள்

பெற்றோர்களே, உஷார்! ஞாயிறு முழுக்கத் தெருவில் ஓடியாடிய பிள்ளை, திங்கள் காலை யூனிஃபார்மைப் பார்த்ததும் "வயிறு வலிக்குதும்மா" என்று சுருண்டு படுக்கிறதா? ஸ்கூல் வேன் போன கொஞ்ச நேரத்தில் வலி போன இடம் தெரியவில்லையா? "நடிக்கிறான்" என்று முதுகில் ஒன்று வைக்காதீர்கள்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று அவர் சொன்னாலும் வலி பொய்யாகிவிடாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பயமும் மனக்கஷ்டமும் நிஜமான வயிற்றுவலியாகவே வரும். "என்னை ஒதுக்குறாங்க, அவமானமா இருக்கு" என்று எடுத்துச் சொல்ல ஆறு வயதில் வார்த்தை வராது.

இவற்றையும் கவனியுங்கள். டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வருகிறதா? பென்சிலும் ரப்பரும் ஓயாமல் 'தொலைந்து' போகின்றனவா? எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் மறுபடி தலைகாட்டுகிறதா? வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறதா? பள்ளிக் கழிவறை அசுத்தமாக இருக்கலாம். அங்கே யாராவது கதவைப் பிடித்துக்கொண்டு மிரட்டவும் செய்யலாம். எது என்று பக்குவமாகக் கேளுங்கள்.

இந்த வயதில் அடிதடியைவிட அதிகமாகக் குத்துவது பட்டப்பெயர். கறுப்பு, குண்டு, திக்குவாய், அப்பா செய்யும் தொழில், இருக்கும் தெரு, சாதி என்று எதை வைத்தும் பெயர் சூட்டுவார்கள். "சின்னப் பசங்க, விளையாட்டுக்குச் சொல்றாங்க" என்று பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. இரண்டு பேரும் சிரித்தால்தான் அது விளையாட்டு. ஒரு பிள்ளை மட்டும் தலைகுனிந்து நின்றால் அது கொடுமை.

இது எங்கே போய் முடியும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. காரணம் சாதி வன்மம். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. கயிற்றை அறுப்பது அவசியம். ஆனால், யாரோடு சேரலாம், யாரைத் தள்ளி வைக்கலாம் என்கிற பாடம் பதினேழு வயதில் தொடங்குவதில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே "அவன்கூட உக்காராதே" என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறோமே, அங்கே தொடங்குகிறது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. "மக்கு", "தண்டம்" என்று வகுப்பு நடுவே நீங்கள் ஒரு பிள்ளையைச் சொன்னால், இடைவேளையில் மற்ற பிள்ளைகளும் அதையே சொல்வார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அடிப்பதோடு மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்வது? "எத்தனை மார்க்?" என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட? இன்டர்வெல்ல யாரோட விளையாடின?" என்று கேளுங்கள். "யாரும் இல்ல" என்ற பதில் தினமும் வந்தால் விழித்துக்கொள்ளுங்கள். "நீயும் திருப்பி அடி" என்றோ, "ஆம்பளப் புள்ள அழலாமா" என்றோ சொல்லாதீர்கள். அடுத்த முறை பிள்ளை உங்களிடம் வாயே திறக்காது. பள்ளி வாசலில் நின்று அடுத்த வீட்டுப் பிள்ளையை மிரட்டவும் வேண்டாம். என்றைக்கு, எங்கே, என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். அங்கே நடக்கவில்லையென்றால் தலைமையாசிரியர்.

வம்புக்கு இழுப்பது உங்கள் பிள்ளை என்று தெரிந்தால் "என் புள்ள அப்படிச் செய்யாது" என்று மல்லுக்கு நிற்காதீர்கள். வீட்டில் யார் யாரை எப்படிப் பேசுகிறோம் என்று பாருங்கள். "வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா, உடனே நிறுத்தணும்" என்பதைத் தம்பி தங்கையோடு விளையாடும்போதே பழக்குங்கள்.

குறிப்பிட்ட ஒரு பெரியவரைக் கண்டு பிள்ளை நடுங்கினாலோ, தொடுதல் பற்றி ஏதாவது சொன்னாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்; 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. பாலியல் குற்றம் என்று தெரிந்தும் மறைப்பது 2012 போக்சோ சட்டப்படி குற்றம். தமிழகப் பள்ளிக் கல்வி உதவிக்கு 14417, மனநல ஆலோசனைக்கு 14416. இந்த மூன்று எண்களையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். இன்று ராத்திரி பிள்ளை தூங்கும் முன் போனைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அது சொல்வதைக் கேளுங்கள்.