அடிக்குரலுக்கும் இடம் உண்டு
தபேலா இல்லை, கித்தார் இல்லை. ஏறக்குறைய முழுவதும் குரல்கள்தான். 1993இல் வந்த ‘திருடா திருடா’ படத்தின் ‘ராசாத்தி’ பாடல் அப்படிப்பட்டது. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் சாகுல் ஹமீது கிராமத்து மெட்டில் பாட, பின்னணிக் குரல்களே வாத்தியங்களாகின்றன.

அமெரிக்கக் கன்ட்ரி இசையில் இதையே செய்யும் ஐவர் குழு ‘ஹோம் ஃப்ரீ’. 2013இல் ‘தி சிங்-ஆஃப்’ போட்டியில் வென்றது. அங்கே அடிக்குரல்தான் பேஸ் கித்தார். அந்த ஆழத்துக்காகவே ரசிகர்கள் காத்திருப்பார்கள்.

நம்மிடம் உச்சஸ்தாயிக்கே கைதட்டல். குரல் உடைந்த பையன் கோவில் பஜனையில் பின்வரிசைக்குப் போகிறான். பிறகு பாடுவதையே விட்டுவிடுகிறான். பாகான் செராய்ப் பெற்றோர்களே, அவனை மேல்சுதிக்கு இழுக்காதீர்கள். மற்றவர்கள் மெட்டைப் பாட, அவன் கீழ்ஸ்தாயியில் சுருதி பிடிக்கட்டும். பாட்டுக்கு அடித்தளம் கிடைக்கும். பையனும் பாட்டோடு இருப்பான்.