அட்மிரல் பிங்கின் முடிவு

கடற்படைத் தலைவர் ஒருவரின் புதல்வரான ஜான் பிங், 1718-இல் பிரிட்டிஷ் கடற்படையிற் சேர்ந்து, படிப்படியாக அட்மிரல் பதவிக்கு உயர்ந்தார். 1756-இல், ஆட்கள் குறைந்த பத்துக் கப்பல்களுடன் மினார்க்கா தீவைக் காக்குமாறு அனுப்பப்பட்டார். மே 20-ஆம் நாள் பிரெஞ்சுக் கப்பற்படையுடன் பொருதினார். கப்பல்கள் பல சேதமுறவே, முற்றுகையிலிருந்த கோட்டைக்கு உதவாமலே ஜிப்ரால்டருக்குத் திரும்பினார். தீவு பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று.

அவரை விசாரித்த இராணுவ நீதிமன்றம், கோழைத்தனம் அவரிடம் இல்லை என்றும், ஆயினும் இயன்ற அனைத்தையும் அவர் செய்யவில்லை என்றும் தீர்ப்பளித்தது. அக்குற்றத்திற்கு அந்நாளைய சட்டம் மரண தண்டனை ஒன்றையே வகுத்திருந்தது. நீதிபதிகளே கருணை வேண்டினர். மன்னர் இரண்டாம் ஜார்ஜ் இணங்கவில்லை. 1757 மார்ச் 14-இல் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில், 'மானார்க்' என்னும் கப்பலின் தளத்தில் பிங் சுடப்பட்டு மாண்டார்.

குற்றத்தின் தன்மைக்கேற்ப வேறு தண்டனை விதிக்கும் உரிமை, 1779-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் நீதிபதிகளுக்குக் கிட்டியது.