குதிரை நகர்ந்தது, பட்டம் பறந்தது! ஆனந்தைக் கவிழ்த்த 28-வது நகர்த்தல்

சென்னை செஸ் ரசிகர்கள் இன்றும் பெருமூச்சு விடும் நாள் 2013 நவம்பர் 21. எங்கோ அயல்நாட்டில் அல்ல. கொருக்குப்பேட்டைக்காரர்கள் பஸ் ஏறிப் போய்விடக்கூடிய தேனாம்பேட்டை ஓட்டலில்தான் அந்த விபரீதம் நடந்தது.

உலக சாம்பியன் விசுவநாதன் ஆனந்துக்கு அப்போது வயது 43. எதிரே நார்வே வாலிபர் மாக்னஸ் கார்ல்சன், வயது 22. 12 ஆட்டங்களில் 8 முடிந்துவிட்டன. கார்ல்சன் 5, ஆனந்த் 3. ஒன்பதாவதில் ஜெயித்தால்தான் பட்டம் தப்பும் என்ற நிலை!

திடீர் மாற்றம்

வெள்ளைக் காய் கிடைத்தபோதெல்லாம் ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயைத் தள்ளி வந்தவர் ஆனந்த். அன்று ராணியின் சிப்பாயைத் தள்ளினார். கார்ல்சன் பிஷப்பைக் கொண்டுவந்து வெள்ளைக் குதிரையை மடக்கினார். ‘நிம்சோ இந்தியன்’ என்பது இந்தத் தொடக்கத்தின் பெயர். ஆனந்த் அசரவில்லை. குதிரையைக் கொடுத்து பிஷப்பை வாங்கினார். சிப்பாய்ப் படையை கார்ல்சனின் ராஜா மீது ஏவினார்.

மறு ஓரத்திலோ கார்ல்சனின் ஒற்றைச் சிப்பாய் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. யார் முந்துவது? மூடப்போகும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் இரு பக்கமும் வண்டியை முறுக்குகிற கதைதான்!

ராணி பிறந்தது

27-வது நகர்த்தலில் ஆனந்த் யானையை முன்னே ஏற்றினார். அது ஓரத்துக்குப் போய்விட்டால் கார்ல்சன் குளோஸ். அதற்குள் கறுப்புச் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டு ராணியாகி ‘செக்’ வைத்தது.

குறுக்கே பிஷப்பை வைத்திருந்தால் டிராவுக்கு வழி இருந்தது. ஆனந்த் வைத்ததோ குதிரையை! யானை போகவேண்டிய ஓரக் கட்டத்துக்கு எதிரி ராணி வராதபடி காவல் நின்றதே அந்தக் குதிரைதான். காவல் விலகியதும் புது ராணி ஒரே எட்டில் அந்த வழியைப் பிடித்துக்கொண்டது. அடுத்த கணமே ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

மறுநாள் பத்தாவது ஆட்டம் டிரா. 6½–3½ என்று பட்டம் கார்ல்சன் கைக்குப் போனது. துணிந்து எடுத்த தொடக்கத்தில் பிசகு இல்லை. பிசகியது ஒரே ஒரு காய்.

பட்டம் திரும்பியது

அந்தப் போட்டியை வேடிக்கை பார்த்தவர்களில் 7 வயது சென்னைச் சிறுவன் குகேசும் ஒருவர். கண்ணாடி அறைக்குள் தானும் ஒருநாள் உட்காரவேண்டும் என்ற ஆசை அங்கேதான் வந்தது. 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் அது பலித்தது. கடைசி ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரன் யானையைத் தப்பாக நகர்த்த, 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார்.

ஒரு தப்புக் காயால் போன பட்டம், இன்னொருவரின் தப்புக் காயால் சென்னைக்கே வந்தது!