ஓர் இடைவெளி அழித்த கோப்புறை

மானிப்பாயில் ஒரு பாடசாலையின் கணினி அறையை எண்ணிப்பாருங்கள். பாமினி எழுத்துருவை எல்லாக் கணினிகளிலும் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றாக இருந்து செய்தால் அரைநாள் போய்விடும். ஆகவே ஆசிரியர் நாலைந்து கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி இயக்குகிறார். இதுதான் ஸ்கிரிப்ட். பொது எழுத்துருக் கோப்புறையில் கைவைக்க நிர்வாகி அதிகாரம் வேண்டும் என்று விண்டோஸ் மறிக்கிறது. 'நிர்வாகியாக இயக்கு' என்பதைத் தெரிவுசெய்து, 'ஆம்' அழுத்தினால் வேலை முடிந்தது.

அந்த 'ஆம்' எழுத்துருவோடு நிற்பதில்லை. ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரிக்கும், அது அழைக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதே அதிகாரம் போய்ச் சேர்கிறது.

2011இல் நடந்ததைப் பாருங்கள். லினக்ஸ் மடிக்கணினிகளில் என்விடியா வரைகலைச் சில்லை இயக்க 'பம்பிள்பீ' என்றொரு இலவச மென்பொருள் வந்தது. அதை நிறுவும் ஸ்கிரிப்ட் முழு அதிகாரத்தோடு இயங்கும். பழைய கோப்புறை ஒன்றை அழிக்கச் சொல்லும் வரியில், 'யூஎஸ்ஆர்' என்ற பெயரை அடுத்து ஓர் இடைவெளி தவறி விழுந்திருந்தது. ஒரே முகவரியாக இருக்கவேண்டியதைக் கணினி இரண்டாக வாசித்தது. முதலாவது முகவரி, இயங்குதளத்தின் பெரும்பாலான நிரல்கள் குடியிருக்கும் யூஎஸ்ஆர் கோப்புறை! நிறுவியவர்களின் கணினிகளில் அது அப்படியே அழிந்தது. சாதாரணப் பயனரின் அதிகாரத்தில் ஓடியிருந்தால், 'அனுமதி இல்லை' என்ற செய்தியோடு விடயம் முடிந்திருக்கும்.

லினக்ஸில் இந்த அதிகாரத்தைத் தரும் 'சுடோ', 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. தலைமைக் கடவுச்சொல்லை ஊருக்கெல்லாம் சொல்லாமல், குறித்த ஆளுக்குக் குறித்த கட்டளையை மட்டும் அனுமதிக்க அதனால் முடியும். முழு ஸ்கிரிப்டையும் அதன் கையில் ஒப்படைப்பது அந்த வசதியையே வீணாக்குவதாகும். தேவையான ஒரு வரிக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

விண்டோஸில் ஒரு நிரலை நிர்வாகியின் பெயரில் இயக்க உதவும் 'ரன்ஆஸ்' கட்டளை, கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைக்க விடாது. ஒவ்வொரு முறையும் கேட்கும். அலுத்துப்போய்ப் பலர் அதைச் சேமித்துவைக்கும் தெரிவைச் சேர்க்கிறார்கள். பிறகு அந்தக் கணக்கில் உட்காரும் எவரும் நிர்வாகியின் பெயரில் எந்த நிரலையும் திறக்கலாம். மாணவர்கள் மாறி மாறி இருக்கும் கணினியில் இதைச் செய்யவே கூடாது.

அதைவிட விண்டோஸிலேயே உள்ள 'பணி அட்டவணை' மேல். குறித்த ஒரு ஸ்கிரிப்டை மட்டும் உயர் அதிகாரத்தில் இயக்கும்படி அதில் பதிந்துவைக்கலாம். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் எல்லோரும் எழுதக்கூடிய கோப்புறையில் கிடந்தால், எவரும் ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். அடுத்த முறை அதுவும் நிர்வாகியாகவே ஓடும். எனவே பதிவதற்கு முன்பே, நிர்வாகி மட்டும் மாற்றக்கூடிய கோப்புறைக்கு அதை நகர்த்திவிட வேண்டும்.