கல்லைத் தூக்குவது கை வலுவா, கணுக்கால் வளைவா?

பொங்கல் சமயத்தில் சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் நடைபெறும் விளையாட்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி. கடைசியில் வருபவருக்கே பரிசு. ஆனால் காலைத் தரையில் ஊன்றினால் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். தென் மாவட்டங்களின் மற்றொரு விளையாட்டு இளவட்டக்கல் தூக்குதல். உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும் அந்தக் கல்லைத் தூக்கும் இளைஞனுக்கே பெண் கொடுப்பார்கள் என்று அந்தக் காலத்தில் சொல்வதுண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது பெண்களும் கல் தூக்குகிறார்கள்.

முதல் போட்டிக்கு உடல் வளைந்து கொடுக்க வேண்டும், இரண்டாவதற்கு வலு வேண்டும் என்றுதான் எவரும் சொல்வார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த விளையாட்டு ஒன்று மேனாடுகளில் உண்டு. அதன் பெயர் ட்ரையல்ஸ். பாறை, மரக்கட்டை, படிக்கட்டு ஆகியவற்றின் மேல் கால் ஊன்றாமல் வண்டியை ஏற்றி இறக்க வேண்டும். முதலில் இது மோட்டார் சைக்கிள் விளையாட்டாக இருந்தது. ஸ்காட்லாந்துப் போட்டி 1909இல் தொடங்கியது. பின்னர் சைக்கிளுக்கும் வந்து, 1986 முதல் உலகப் பட்டத்துக்கான போட்டியாகவும் நடந்து வருகிறது. பல ட்ரையல்ஸ் சைக்கிள்களில் இருக்கையே இராது. ஓட்டுபவர் நின்றபடியேதான் எல்லாம் செய்ய வேண்டும். அவருக்கு வலு முக்கியமா, வளைவு முக்கியமா?

விடை இளவட்டக்கல்லில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லின் எடை 100 கிலோ என்று கொள்வோம். முழங்காலை மடக்காமல் குனிந்து தூக்குபவருக்குக் கல், இடுப்பு முள்ளெலும்பிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி இருக்கும். முதுகுத் தசையோ அந்த எலும்புக்கு 5 செ.மீ. பின்னால்தான் இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி, 100 × 40 = 5 × விசை. ஆகவே முதுகுத் தசை 800 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும்! நன்றாகக் குந்தி உட்கார்ந்து, கல்லை மடியோடு அணைத்துத் தூக்குபவருக்கு அந்தத் தூரம் 20 செ.மீ. ஆகக் குறையும். விசையும் 400 கிலோவாகப் பாதியாகிவிடும். (உடலின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவில்லை.) கல் அதே கல்தான், குதிகால் தரையில் பதிய, இடுப்பும் கணுக்காலும் மடங்கியதால் வந்த இலாபம் இது.

ட்ரையல்ஸ் ஓட்டுபவர் குதிப்பதும் இப்படித்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் சராசரியாக 90 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் காலை உந்துகிறார் என்போம். அதில் 60 கிலோ அவருடைய எடைக்கே சரியாகிவிடும். மீதி 30 கிலோதான் எழுப்பும். 20 செ.மீ. மட்டுமே மடங்கி நிமிர்ந்தால், நின்ற நிலைக்கு மேல் அவர் 10 செ.மீ. எழும்புவார். 40 செ.மீ. மடங்கி நிமிர்ந்தால் 20 செ.மீ. எழும்புவார். வேலை என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? வலு விசையைத் தருகிறது, வளைவு தூரத்தைத் தருகிறது.

அப்படியானால் உடலை எவ்வளவு வளைத்தாலும் நல்லதா? இல்லை. தசைக்குள் ஆக்டின், மயோசின் என்னும் நுண்ணிய புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. தசை அளவுக்கு மேல் நீண்டால் அவை ஒன்றன் மேல் ஒன்று படியும் பகுதி குறைகிறது, பிடியும் குறைகிறது. மிக நீண்ட நிலையில் தசைக்குச் சுருங்கும் பலம் குறைவு. வளையத் தெரிந்தும் அங்கிருந்து மீளப் பலம் இல்லாதவருக்குச் சுளுக்கு காத்திருக்கிறது.

போட்டிக்குச் சற்று முன்பு ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் அதன் வலு சிறிது நேரத்துக்குக் கொஞ்சம் தணிகிறது. மெல்ல ஓடி உடலைச் சூடாக்கிக்கொள்வதே மேல். முழு அளவுக்கு மடக்கி நீட்டிச் செய்யும் பலப் பயிற்சி, உடலை வளைக்கும் பயிற்சிக்கு ஏறக்குறைய இணையாகவே மூட்டுகளை இளக்குகிறது என்று 2021இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. நம் ஊர்த் தண்டாலும் பஸ்கியும் அந்த வகைதான். இளவட்டக்கல்லை மட்டும் வளரும் வயதில் தொட வேண்டாம். எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு இன்னும் முற்றியிராது.

மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டிக்கு வருவோம். போதிய வேகத்தில் ஓடும் சைக்கிள் தானே நிமிர்ந்துகொள்ளும். அதற்குச் சக்கரத்தின் பம்பரத் தன்மை முக்கியக் காரணம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அத்தன்மையை நீக்கிச் செய்த வண்டியும் தானே நிமிர்ந்து ஓடுவதை 2011இல் செய்து காட்டினார்கள். மிக மெதுவாகப் போகும்போதோ வண்டி தானே நிமிர்வதில்லை. கைப்பிடியைப் பெரிதாகத் திருப்ப வேண்டும், இடுப்பையும் அசைத்துச் சரிசெய்ய வேண்டும். பயந்து கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பவரின் தசைகள் இருபுறமும் ஒரே நேரத்தில் விறைத்துக்கொள்வதால் அவரால் சட்டென்று திருத்திக்கொள்ள முடிவதில்லை. அவர் எத்தனை பலசாலியானாலும் பாதி வழியில் காலை ஊன்றிவிடுவார்.

உங்கள் கணுக்காலைச் சோதிக்க வேண்டுமா? சுவரிலிருந்து கட்டைவிரல் நுனி 10 செ.மீ. தள்ளி இருக்குமாறு பாதத்தை வையுங்கள். குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பிறகு மற்றக் காலிலும் செய்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் வியப்படைய வேண்டாம்.