நடைப்பிணத்தின் கதை

உயிர் இருந்தும் உணர்வின்றித் திரிபவனை 'நடைப்பிணம்' என்பது தமிழ் வழக்கு. தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் கண்விழித்துக் காலையில் தள்ளாடி வரும் விடுதி நண்பனை 'ஸோம்பி' என்று கேலி செய்வது மாணவர் வழக்கு. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் பின்னதற்குத் துயரமான வரலாறு ஒன்று உண்டு. அதை உணர 1943ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கப் படம் ஒன்று நமக்குத் துணை செய்யும். 'ஐ வாக்ட் வித் எ ஸோம்பி' என்பது அதன் பெயர். தயாரித்தவர் வால் லூட்டன். இயக்கியவர் ஜாக் டூர்னர். 70 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் சிறிய படம்.

கரிபியன் கடலில் செயின்ட் செபாஸ்டியன் என்னும் கற்பனைத் தீவு. அங்குள்ள கரும்புத் தோட்ட முதலாளியின் மனைவி ஜெசிக்கா. அவள் நடப்பாள், சொன்னபடி செய்வாள், பேசமாட்டாள். தனக்கென ஒரு விருப்பமும் அவளுக்கு இல்லை. அவளைக் கவனிக்கக் கனடாவிலிருந்து பெட்ஸி என்னும் தாதி வருகிறாள். "கொடிய காய்ச்சலின் விளைவு" என்கிறார் மருத்துவர். "ஸோம்பி" என்கின்றனர் தீவு மக்கள்.

மருத்துவம் தோற்றபின், ஓர் இரவில் பெட்ஸி அவளை அழைத்துக்கொண்டு கரும்புக் காட்டின் ஊடே வூடூ வழிபாடு நடக்கும் இடத்துக்குச் செல்கிறாள். காற்றில் சலசலக்கும் தோகை, தொலைவில் முரசொலி, வழியில் விழித்த கண்களுடன் நிற்கும் நெடிய உருவம். அவ்வளவுதான். குருதி இல்லை, கோரப் பற்கள் இல்லை. ஆயினும் நெஞ்சு படபடக்கிறது! நோயா, மந்திரமா? படம் இறுதிவரை முடிவாக விடை சொல்லவில்லை. அதனாலேயே அச்சம் திரையை விட்டு இறங்கி நம் உள்ளத்தில் குடிபுகுகிறது.

தோட்ட மாளிகையின் முற்றத்தில் அம்பு தைத்த சிலை ஒன்று நிற்கிறது. தீவு மக்களின் முன்னோரைச் சங்கிலியிட்டுக் கொணர்ந்த அடிமைக் கப்பலின் முகப்பில் இருந்தது அது. படத்தின் உட்பொருள் அச்சிலையிலேதான் இருக்கிறது.

ஸோம்பி நம்பிக்கை வேரூன்றிய நாடு ஹைட்டி. பிரெஞ்சு ஆட்சியில், 1791இல் கிளர்ச்சி வெடித்த காலத்தில், அங்கே ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். செத்தால் ஆன்மா முன்னோரின் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் என்பது அவர்களுக்கிருந்த ஆறுதல். அந்த ஆறுதலையும் பறிப்பவன் மந்திரவாதி. பிணத்தை எழுப்பி, ஆன்மாவைச் சிறையிட்டு, மீண்டும் வயலில் வேலை வாங்குவானாம்! ஆகவே அம்மக்கள் அஞ்சியது ஸோம்பி தம்மைக் கடிக்கும் என்பதற்கன்று. தாமே ஸோம்பி ஆகிவிடுவோமோ என்பதற்கே. சாவும் விடுதலை தராத அடிமை வாழ்வை விடக் கொடியது எது?

1804இல் ஹைட்டி விடுதலை பெற்றது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்நாட்டைப் பிடித்து வைத்திருந்தது. அக்காலத்தில், 1929இல், வில்லியம் ஸீப்ரூக் எழுதிய பயண நூல் அமெரிக்காவில் ஸோம்பியைப் பரப்பியது. 1932இல் 'ஒயிட் ஸோம்பி' திரைக்கு வந்தது. 1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்குப் பின்னரோ, உழைத்துத் தேய்ந்த அடிமை மனிதரைத் தின்னும் பேயாகிவிட்டான்! துன்பப்பட்டவனையே துன்புறுத்துபவனாக்கும் விந்தை இது.

வூடூவும் வெறும் பில்லிசூனியம் அன்று. மேற்கு, நடு ஆப்பிரிக்க வழிபாடுகளோடு கத்தோலிக்கக் கூறுகளும் கலந்து வளர்ந்த சமயம் அது. 2003இல் ஹைட்டி அரசு அதை முறைப்படி ஏற்றது.

நாம் கூறும் படத்திலும் குறை இல்லாமல் இல்லை. வெள்ளைக் குடும்பத்தின் துயரமே நடுவில் நிற்கிறது. தீவு மக்கள் ஓரத்தில் நிற்கின்றனர். எனினும் முற்றத்துச் சிலையை அது மறைக்கவில்லை. அடிமைத்தனத்தின் நினைவே அத்தீவின் உண்மையான பேய் என்பதை அது அறிந்திருக்கிறது.

நண்பர்களே! ஒருநாள் கூடியிருந்து இப்படத்தைப் பாருங்கள். அதன்பின் 'ஸோம்பி' என்னும் சொல் வாயில் வரும்போது, கேலியோடு சிறிது இரக்கமும் சேர்ந்து வரும்.